அச்சகத்தில் போட்ட திருத்தம் கடைக்குத் திரும்பி வந்ததா?

வாசகர் கேள்வி பதில்

நம் மொரீஷியஸில் தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்கள் மாறிவிடும். விலைப்பட்டியல், காலண்டர், கோயில் மலர், பேஸ்புக் விளம்பரம் எல்லாம் ஒரே நேரத்தில் எல்லார் தலையிலும் விழுகிற காலம் இது. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான், அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, ரோஸ்ஹில்லிலும் போர்ட் லூயியிலும் துணிக்கடை வைத்திருக்கிறோம். போன தீபாவளிக்கு 3,000 துண்டுப் பிரசுரம் அடித்தோம். ஒரே பட்டுச்சேலை பிரசுரத்தில் 2,450 ரூபாய், பேஸ்புக்கில் 2,650, கடையில் தொங்கும் சீட்டில் 2,300. ஓர் அம்மா மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டார், கடைசியில் 2,300-க்குத்தான் கொடுத்தோம். இதில் யாரைக் குறை சொல்வது?
துணிக்கடைக்காரர், ரோஸ்ஹில்

பதில்: யாரையும் சொல்ல முடியாது. மூன்று பேரும் அவரவர் கையில் இருந்த விலையை ஒழுங்காகத்தான் போட்டிருப்பார்கள். பிரசுரத்தின் விலை டிசைனரின் கம்ப்யூட்டரில் இருந்தது, பேஸ்புக் விலை உங்கள் வீட்டுப் பிள்ளை யாரோ ஒருவரின் போனில் இருந்தது, சீட்டு விலை கல்லாவில் உட்காருபவரின் ஞாபகத்தில் இருந்தது. கடையின் விலை மட்டும் கடையில் இல்லை.

ஒரு அட்டவணை போடுங்கள். எக்செல் போதும், கூகுள் ஷீட் என்றால் இரண்டு கடையும் ஒன்றையே பார்க்கலாம். ஒரு சாமானுக்கு ஒரு வரி: குறியீடு, பிரெஞ்சுப் பெயர், ஆங்கிலப் பெயர், தமிழ்ப் பெயர், அளவு, விலை, விலை மாறிய தேதி, படக் கோப்பின் பெயர். பிரசுரம், பேஸ்புக், சீட்டு, வாட்ஸ்அப் எல்லாமே இதிலிருந்துதான் எடுக்க வேண்டும், எதிலும் யாரும் விலையைக் கையால் அடிக்கக் கூடாது. குறியீட்டை எழுத்தில் தொடங்குங்கள், ஏனென்றால் 0145 என்று அடித்தால் எக்செல் அந்தப் பூஜ்யத்தை விழுங்கிவிட்டு 145 என்று காட்டும், 3-12 என்று அடித்தால் அதைத் தேதியாக்கிவிடும். விற்றுத் தீர்ந்த சாமானின் குறியீட்டைப் புதுச் சாமானுக்குக் கொடுக்காதீர்கள். பழைய பிரசுரத்தை இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவருகிறவர்கள் நம் ஊரில் நிறைய.

நம் தீவுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. பிரெஞ்சுப் பழக்கத்தில் 1 250,50 என்று எழுதுவோம், ஆங்கிலப் பழக்கத்தில் 1,250.50 என்று எழுதுவோம், ஒரே கடையில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுவார்கள். மனிதனுக்குப் புரிந்துவிடும். பிரெஞ்சு அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு 1,250 என்பது ஒன்றேகால் ரூபாய்! ஆகவே விலைக் கட்டத்தில் வெறும் எண் மட்டும், 1250 என்று. காற்புள்ளியும் ‘ரூ’வும் பக்கம் கட்டும்போது வரட்டும். அப்புறம் வாட் வரி. அந்த 2,450 வாட் சேர்த்தா சேர்க்காமலா என்பதைக் கட்டத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். 15 சதவீதம் சேர்ந்தால் அது 2,817 ரூபாய் 50 காசு ஆகிவிடும், அந்த வித்தியாசத்துக்கு எந்த வாடிக்கையாளரும் சிரித்துக்கொண்டு போகமாட்டார்.

இவ்வளவும் செய்த பிறகும் விலை கோணலாகப் போகிற ஓர் இடம் இருக்கிறது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நான் போர்ட் லூயியில் ஓர் அச்சகத்தில் வருடக்கணக்காகப் பக்கம் கட்டியவன். வேலை பிளேட்டுக்கு, அதாவது அச்சுத் தகடு செய்ய, போகும் நேரத்தில் போன் வரும்: “அந்தக் குத்துவிளக்கு 1,250 இல்லை, 1,350, மாற்றிவிடுங்கள்.” மாற்றுவேன். அச்சில் 1,350 வரும். ஆனால் அந்த 1,350 என் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கும், கடைக்காரரிடம் 1,250-தான். அடுத்த வருடம் அவர் தன் பழைய பட்டியலைத் தூக்கிக்கொண்டு வேறொரு டிசைனரிடம் போவார், அங்கே 1,250 உயிர்த்தெழும். அச்சகத்தில் போட்ட திருத்தம் அச்சகத்திலேயே தங்கிவிடும், நாமாகப் போய்க் கூட்டிவந்தால் ஒழிய. எனவே போனில் சொல்வதற்கு முன்னால் அட்டவணையில் மாற்றுங்கள், மாற்றிவிட்டுச் சொல்லுங்கள். இந்த வரிசை மாறினால் நான் மேலே எழுதிய எதுவும் உங்களுக்கு உதவாது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் டிசைனருக்கு அனுப்பிய படங்கள் போனில் பளிச்சென்று இருந்தன. அச்சில் மங்கல். ஒரு கிளிப்பச்சைச் சேலை பாசி பிடித்த மாதிரி வந்திருக்கிறது. அச்சகம் ஏமாற்றிவிட்டதா?
அதே துணிக்கடைக்காரர் (இரண்டாவது கடிதம்!)

பதில்: ஏமாற்றவில்லை. இங்கே இரண்டு சமாசாரம் கலந்து கிடக்கிறது.

மங்கல் என்பது புள்ளிக் கணக்கு. நல்ல தாளில் அச்சடிக்க ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 10 சென்டிமீட்டர் அகலத்துக்குப் படம் வர வேண்டுமானால் சுமார் 1,180 புள்ளி, ஏ4 முழுப் பக்கத்துக்கு 2,480 × 3,508. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கி, தரத்தையும் குறைத்து அனுப்பும், ‘டாக்குமென்ட்’ என்று இணைத்து அனுப்பினால் உள்ளது உள்ளபடி போகும். பேஸ்புக்கிலிருந்து திரும்ப இறக்கிய படத்தை அச்சுக்குக் கொடுப்பது, பிழிந்த தேங்காய்ச் சக்கையை மறுபடி பிழிவது. போனிலிருந்தோ கேமராவிலிருந்தோ வந்த மூலப் படங்களை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு, அதை யாரும் வெட்டவோ ஒட்டவோ கூடாது என்று வையுங்கள். வெட்டுவதெல்லாம் நகலில்.

நிறம் வேறு விஷயம். போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளி. அச்சு நான்கு மையால் காட்டுகிறது. கிளிப்பச்சை, மயில்கழுத்து நீலம், பளீர் ரோஸ், இதெல்லாம் ஒளியில் கிடைக்கும், மையில் கிடைக்காது. சேலைக் கடைக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை, தெரியும். படத்தை மூலத்தில் ஆர்ஜிபியாகவே (மூன்று ஒளிக் கணக்கு) வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் நகலை மட்டும் சிஎம்ஒய்கேவுக்கு (நான்கு மைக் கணக்கு) மாற்றச் சொல்லுங்கள், மாற்றிய பிறகு டிசைனருடன் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள், எந்தச் சேலையின் நிறம் செத்துப்போகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். அந்தச் சேலையை அட்டைப் படமாகப் போடாமல் இருக்கலாம் இல்லையா? சிஎம்ஒய்கே ஆன படத்தை மறுபடி பேஸ்புக்குக்கு எடுக்காதீர்கள், போன நிறம் திரும்பி வராது.

பிரசுரத்தையும் கூடவே அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். அடர்சிவப்பில் பொடி எழுத்தில் வெள்ளையாகத் தமிழ் போட்டிருக்கிறீர்கள். மை கொஞ்சம் பரவினாலே புள்ளி அடைபட்டுப் போகும், ‘பட்டு’ ‘படடு’ ஆகிவிடும், ஆகியும் இருக்கிறது. ஆங்கில எழுத்து தாங்கும் அளவைத் தமிழ் எழுத்து தாங்காது, சுழியும் புள்ளியும் உள்ளது. எழுத்தின் அளவை இரண்டு பாயிண்ட் கூட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கோயில் சங்கம் பல வருடமாகக் காவடி மலர் வெளியிடுகிறது. பழைய மலர்களை இணையத்தில் போட இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். பழைய சிடியில் பேஜ்மேக்கர் என்ற பக்கம் கட்டும் மென்பொருளின் கோப்புகள் இருக்கின்றன. திறந்தால் தமிழ் வரவில்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. முழுவதையும் மறுபடி அடிப்பதா?
சங்கச் செயலாளர், வக்குவா பக்கம்

பதில்: ஐயா, அந்தச் சிடி இன்னும் படிக்கிறதே, அதுவே பெரிய விஷயம். முதல் வேலையாக அதை இரண்டு இடத்தில் நகல் எடுத்துவிட்டு மீதியைப் படியுங்கள்.

நீங்கள் பார்ப்பது குப்பை கிடையாது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு பழக்கத்துக்கு வருவதற்கு முன் பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் அடித்தோம். கம்ப்யூட்டருக்கு அது ஆங்கில எழுத்துத்தான், மேலே தமிழ் முகமூடி போட்டிருக்கும், எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் முகமூடி கழன்றுவிடும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்துவிட்டால் மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே உண்டு, சென்னையில் செய்த என்எச்எம் கன்வெர்ட்டர் ஒன்று, இணையத்தில் உள்ள பொங்குதமிழ் இன்னொன்று. ஆகவே முழுவதையும் அடிக்க வேண்டாம்.

ஆனால் மாற்றியதும் அப்படியே ஏற்றிவிடாதீர்கள். நம் மலர்களில் பிரெஞ்சுப் பெயர்கள் நிறைய வரும், ஊர்ப் பெயர், தெருப் பெயர், நன்கொடையாளரின் முதல் பெயர். பழைய எழுத்துருக்கள் பலவற்றில் பிரெஞ்சின் தலைக்குறி போட்ட எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். அதனால் பெயரின் நடுவில் திடீரென்று ஒரு தமிழ் எழுத்து முளைக்கும், அல்லது தமிழ்ச் சொல்லுக்கு நடுவில் பிரெஞ்சு எழுத்து நிற்கும். இதைக் கருவி கண்டுபிடிக்காது, ஊர்க்காரர் ஒருவர் படித்துத்தான் பார்க்க வேண்டும். அதேபோல ‘கௌரி’ என்ற பெயரைப் பலர் ககரத்துக்கு ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தைத் தட்டி அடித்திருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடலில் மட்டும் கௌரி அம்மா கிடைக்கமாட்டார்.

புது மலரை இனிமேல் யூனிகோடில் மட்டும் அடியுங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது, அதை விட்டுவிடலாம். இப்போது பக்கம் கட்டும் இன்டிசைன் மென்பொருளில் தமிழ் வைக்கும்போது கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது என்று டிசைனர்கள் அலறுவார்கள். பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி’ கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும், அவ்வளவுதான். கட்டுரைகளைப் பக்கம் கட்டுவதற்கு முன்பே வெறும் வேர்டு கோப்பாகத் தனித்தனியாகச் சேர்த்து வையுங்கள், புரூஃபில் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் தாளில்) செய்யும் திருத்தங்கள் அந்தக் கோப்புகளிலும் ஏற வேண்டும். இல்லையென்றால் புத்தகத்தில் திருத்திய பிழையெல்லாம் இணையத்தில் புதிதாகப் பிறக்கும். முதல் கேள்வியில் சொன்ன குத்துவிளக்குக் கதைதான்.

பக்கக் கணக்கு ஒன்று, ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பது: நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் பக்கம் நான்கின் மடங்கில்தான் வரும். 30 பக்கத்துக்கு விஷயம் இருந்தால் 32 ஆக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் அந்த இரண்டு பக்கத்துக்குத் தலைவர் உரையை இழுக்காமல் இரண்டு விளம்பரத்தை முதலிலேயே பிடித்து வையுங்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். பழைய மலரில் நன்கொடையாளர் பெயர், முகவரி, வீட்டுத் தொலைபேசி எல்லாம் இருக்கும். அன்று அது கோயிலுக்கு வந்தவர்கள் கையில் மட்டும் இருந்தது. அதையே இணையத்தில் ஏற்றினால் உலகம் முழுக்கத் தேடலாம். 2017-ல் நிறைவேறி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது, சங்கத்துக்கும் அது பொருந்தும். பெயர் இருக்கட்டும், முகவரியையும் எண்ணையும் எடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

கேள்வி: எங்கள் கடைக் கோப்புகளில் ‘கடைசி’, ‘கடைசி புதுசு’, ‘உண்மையான கடைசி’, ‘கடைசி அப்பா பார்த்தது’ என்று நான்கு இருக்கின்றன. எது கடைசி?
போர்ட் லூயி

பதில்: அப்பா பார்த்தது. இனிமேல் பெயரைத் தேதியில் தொடங்குங்கள், வருடம் முதலில், பிறகு மாதம், நாள். தன்னாலே வரிசையில் நிற்கும்.

கேள்வி: மளிகைக் கடை சார்பில் தமிழ்க் காலண்டர் அடித்து வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம், தினமும் காலையில் அன்றைய நாளை வாட்ஸ்அப்பிலும் அனுப்புகிறோம். தமிழ்நாட்டுக் காலண்டரிலிருந்துதான் எடுக்கிறோம். போன வருடம் ஒரு விரத நாள் தப்பாகப் போய்விட்டது என்று பெரியவர்கள் திட்டினார்கள். அச்சுப் பிழை ஒன்றும் இல்லையே?
காத்ர் போர்ன்

பதில்: அச்சுப் பிழை இல்லை, ஊர்ப் பிழை. சென்னைக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். திதி முடிவது உலகம் முழுக்க ஒரே கணத்தில், ஆனால் கடிகாரம் வேறு. சென்னையில் செவ்வாய் அதிகாலை 12.40-க்கு ஒரு திதி முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அது திங்கள் இரவு 11.10. தேதியே மாறிவிட்டது. அதுவும் சூரிய உதயத்தில் எந்தத் திதி நிற்கிறது என்று பார்க்கும் விரதம் என்றால் கேட்கவே வேண்டாம்.

சரி, எல்லாவற்றிலும் ஒன்றரை மணி கழித்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். திதிக்கும் நட்சத்திரத்துக்கும் அது போதும். ராகு காலத்துக்குப் போதாது, அது உள்ளூர் பகல் நேரத்தை எட்டாகப் பிரிப்பது. நமக்கு ஜனவரி கோடைக்காலம், போர்ட் லூயியில் பகல் 13 மணி நேரத்துக்கு மேல், அப்போது சென்னையில் சுமார் 11½ மணி நேரம்தான். எட்டில் ஒரு பங்கு இங்கே 100 நிமிடத்தைத் தொடும். ராகு காலம் ஒன்றரை மணி நேரம் என்று அச்சடித்து வைத்திருப்பது நம் ஊர்க் கணக்கே இல்லை.

நம் தீவுக்குக் கணக்குப் போட்டுத் தரும் ஒருவரிடம் வருடம் முழுவதற்கும் ஒரே பட்டியலாக வாங்கிவிடுங்கள், ஒரு நாளுக்கு ஒரு வரி. காலண்டரும் அதிலிருந்து, வாட்ஸ்அப்பும் அதிலிருந்து. இப்போது நீங்கள் செய்வது எனக்குத் தெரிகிறது: காலண்டருக்கு ஒரு பஞ்சாங்கம், காலை வாட்ஸ்அப்புக்கு வேறு எங்கோ கிடைத்த படம். சுவரில் ஒரு திதி, போனில் ஒரு திதி இருந்தால் பெரியவர்கள் திட்டத்தான் செய்வார்கள். அந்தப் பட்டியலைச் சிஎஸ்வி (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணை) கோப்பாக அனுப்பினால் எக்செல்லில் திறக்கும்போது தமிழ் உடைந்து வரலாம். நேரடியாகத் திறக்காமல் ‘இம்போர்ட்’ வழியாக, யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்கச் சொல்லுங்கள். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பயந்து யாரும் திரும்ப அடிக்க ஆரம்பித்துவிட வேண்டாம், அங்கேதான் புதுப் பிழை நுழையும்.

கேள்வி: அண்ணா, மரச்சாமான் கடை ஒன்றில் கேட்டலாக், இணையதளம் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன். முதலாளி ஒன்று திருத்துகிறார், அவர் தம்பி அதைப் பழையபடி ஆக்குகிறார், கணக்கப்பிள்ளை மூன்றாவதாக ஏதோ எழுதுகிறார். பிரெஞ்சில் மாற்றினால் தமிழில் மாற்ற மறந்துவிடுகிறது. கடைசியில் திட்டு எனக்கு.
பெயர் வேண்டாம், கியூர்பிப்

பதில்: தங்கச்சி, மூன்று பேர் திருத்தலாம், கையெழுத்து ஒருவர்தான் போட வேண்டும். அவர் யார் என்று முதலாளியிடமே கேளுங்கள், அடுத்த கேட்டலாக் தொடங்குவதற்கு முன்னால், எல்லாரும் நல்ல மனநிலையில் இருக்கும்போது. ஒரே ஒரு புரூஃப் தாளை மூன்று பேருக்கும் சுற்றவிடுங்கள், ஆளுக்கு ஒரு நிறப் பேனா. தனித்தனியாக மூன்று நகல் கொடுத்தால் மூன்று உண்மை திரும்பி வரும். கையெழுத்துப் போடுபவர் முரண்பாடுகளைத் தீர்த்து, தேதி எழுதிக் கொடுக்கட்டும். அந்தத் தாளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், திட்டு வரும் நாளுக்கு.

மொழி விஷயத்துக்கு, ஒவ்வொரு மொழிக்கும் பக்கத்தில் ‘திருத்திய தேதி’ என்று ஒரு கட்டம் வையுங்கள். பிரெஞ்சுத் தேதி புதிதாகவும் தமிழ்த் தேதி பழையதாகவும் இருந்தால் அந்த வரி அச்சுக்குத் தயாரில்லை என்று அர்த்தம். ஞாபகத்தை நம்பவேண்டியதில்லை.

தமிழ் வரி சின்ன விஷயம் என்று அங்கே யாராவது சொன்னால் 1998-ஐ நினைவுபடுத்துங்கள். அந்த நவம்பரில் நம் மத்திய வங்கி வெளியிட்ட புது நோட்டுகளில் மொழிகளின் வரிசை மாறிப்போயிருந்தது, ஆங்கிலத்துக்கு அடுத்து வரவேண்டிய தமிழ், இந்திக்குக் கீழே போய்விட்டது. சொல்லில் பிழை இல்லை, எழுத்தில் பிழை இல்லை, இடம்தான் மாறியது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள், நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையில் வேறு அடிக்க வேண்டியதாயிற்று. இன்று உங்கள் பையில் இருக்கும் நோட்டை எடுத்துப் பாருங்கள், தமிழ் எண்ணும் இருக்கிறது. அச்சடித்த பணத்தையே திரும்ப வாங்க வைத்த புரூஃப் பிழை. இதை நான் எத்தனையோ வாடிக்கையாளரிடம் சொல்லியிருக்கிறேன், உடனே கண்ணாடியைத் தேடுவார்கள்.

கேள்வி: அச்சகம் கொடுத்த கேட்டலாக் பிடிஎஃப் இருக்கிறது. அதையே இணையதளத்தில் போட்டால் வேலை முடிந்ததே, எதற்குத் தனியாக உழைக்க வேண்டும்?
போபாசேன்

பதில்: உங்கள் வாடிக்கையாளர் அதைப் போனில் திறந்து, இரண்டு விரலால் விரித்து, இடது பக்கம் தள்ளி, விலையைப் பார்க்க வலது பக்கம் தள்ளி, பிறகு மூடிவிடுவார். ஏ4 பக்கம் தாளுக்காகச் செய்தது. அதுவும் அச்சுக்குப் போன பிடிஎஃப் என்றால் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டும் பகுதி, வெட்டுக் குறிகள், ஏகப்பட்ட எடை. இறங்கவே நேரமாகும். தமிழ் எழுத்துகளைப் பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் பல சமயம் குழம்பித்தான் வரும், தேடலிலும் சரியாக அகப்படாது.

சாமான் விவரம் அட்டவணையில் இருந்தால் இணையதளத்துக்கு அதிலிருந்து ஏற்றுவது ஒன்றும் பெரிய உழைப்பு கிடையாது. அட்டவணை இல்லாதவர்களுக்குத்தான் பிடிஎஃப் ஒரே வழியாகத் தெரியும். அதற்கு மேல் ஒரு யோசனை: அடிக்கடி விலை மாறும் சாமானுக்கு அச்சில் விலையே போடாதீர்கள். ஒரு க்யூஆர் குறி போட்டு, விலை இணையத்தில் இருக்கட்டும். குறி 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, சுற்றிலும் வெள்ளை விடவேண்டும், டிசைனர் அழகுக்காகக் கரும்பச்சைப் பின்னணியில் வைப்பேன் என்றால் விடாதீர்கள். முக்கியமாக, குறி போகும் இடம் உங்கள் சொந்த இணையதள முகவரியாக இருக்க வேண்டும். பேஸ்புக் பதிவுக்கோ, இலவச க்யூஆர் சேவைக்கோ அனுப்பினால், அது நின்றுபோகும் நாளில் 3,000 பிரசுரமும் ஊமையாகிவிடும்.

கேள்வி: இணையதளம் செய்துகொடுத்த பையன் வெளிநாடு போய்விட்டான். கடவுச்சொல், ‘.எம்யூ’ முகவரி எல்லாம் அவன் பெயரில். அச்சகமும் மூலக் கோப்பைத் தரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?
ஒரு வாசகர்

பதில்: பையனிடம் நயமாகப் பேசி முகவரியை உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள், அவன் நல்ல மனநிலையில் இருக்கும்போதே, சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் நஷ்டம். அச்சகத்து விஷயம்: வேலை கொடுக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும், அச்சான பிடிஎஃப், திறந்து திருத்தக்கூடிய கோப்பு, படங்கள், எழுத்துருக்களின் பட்டியல் எல்லாம் சேர்த்து ஒப்படைப்பது என்று. அதற்குத் தனிக் காசு கேட்டால் கொடுங்கள், நானே அச்சகத்துப் பக்கம் இருந்தவன் சொல்கிறேன், அந்தக் காசு நியாயமானது. வேலை முடிந்து ஒரு வருடம் கழித்துக் கேட்டால்தான் முகம் சுளிப்பார்கள்.

வந்த கோப்புகளைக் கடைக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காதீர்கள். மூன்று நகல், இரண்டு விதமான சாதனத்தில், ஒன்றாவது வேறு இடத்தில். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தோமே, தரைத்தளத்துக் கடையில் மேசைக்கடியில் நிற்கும் கம்ப்யூட்டரும் அதே பெட்டியில் வைத்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நகல்தான். ஒன்றைக் கியூர்பிப்பில் இருக்கும் மச்சான் வீட்டில் வையுங்கள்.

கேள்வி: சென்ற இதழில் உங்கள் பகுதியில் ஏ4 தாளின் அளவு 210 × 297 மில்லிமீட்டர் என்று சரியாக இருந்தது. இதழின் இணையப் பதிப்பில் அதே பதிலில் 210 × 279 என்று இருக்கிறதே?
கூர்மையான கண்ணுள்ள வாசகி, ரோஸ்ஹில்

பதில்: அம்மா, 297-தான் சரி. நான் அடிக்கும்போதே 279 என்று அடித்துவிட்டேன், புரூஃபில் கண்ணில் பட்டது, அச்சகத்துக்குப் போன் போட்டு மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். இணையப் பதிப்புக்கு என் பழைய கோப்புப் போயிருக்கிறது. உங்கள் கடிதம் வந்த அன்று சாயங்காலம்தான் அதைத் திறந்து திருத்தினேன். தயவுசெய்து துணிக்கடைக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.